பரீட்சை விடுமுறையில் தோட்ட வேலை: கொழும்பில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஓ.எல். அல்லது ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொழும்பில் சுலபமாகக் கிடைக்கும் வேலைகளில் தோட்ட வேலையும் ஒன்று. கறுவாத்தோட்டம், ஹவ்லொக் டவுன், நுகேகொடை, ராஜகிரிய, பத்தரமுல்லை என்று முற்றமுள்ள வீடுகள் இருக்கும் இடமெல்லாம் ஆள் தேடுகிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் முற்றம் குறைவு. ஆனால் தொடர்மாடிகளில் பூச்சட்டிகள் நிறைய.

வேலை பழகுவது கஷ்டமில்லை. காசு கைக்கு வராமல் போவதுதான் புதியவர்களின் பிரச்சினை. புல் வெட்டும் நேரத்தை மட்டும் எண்ணிக் கூலி பேசிவிடுகிறார்கள். வெட்டியதைக் கூட்டி, அள்ளி, கட்டி, அகற்ற அதே அளவு நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. கீழே உள்ளவற்றில் 6ஆம் பகுதியை மட்டுமாவது இரண்டு தரம் வாசியுங்கள்.

1. முதலில் வயது

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இலிருந்து 16. பதினாறு முடிந்தாலும் 18 வரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. நடைமுறையில் இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: 18 ஆகாதவர் புல்வெட்டும் மெஷினைத் தூக்கவேண்டாம், மருந்து அடிக்கவேண்டாம், மரத்திலோ கூரையிலோ ஏறவேண்டாம். களை பிடுங்குவது, சட்டி மாற்றுவது, கூட்டுவது, புல் பதிப்பது, தண்ணீர் விடுவது, கைக்கத்தரியால் வேலி வெட்டுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். “தம்பி, ஒருக்கா மெஷினைப் பிடி” என்று யாராவது நீட்டினால், வயதைச் சொல்லி மறுத்துவிடுங்கள். அதற்காக வேலை போனால் போகட்டும்.

2. யாரிடம் வேலைக்குப் போவது

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தோட்டப் பராமரிப்புக் கம்பனி. சம்பளம் மாத முடிவில் வரும், மெஷின் அவர்களுடையது, உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. இரண்டாவது, பல வீடுகளைப் பார்க்கும் அனுபவசாலி ஒருவருக்கு உதவியாள். அன்றன்றைக்கே காசு கிடைக்கும், தொழிலும் வேகமாகப் பழகும். ஆனால் கையில் எந்தக் கடதாசியும் இருக்காது. மூன்றாவது, இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து தெரிந்த வீடுகளை எடுப்பது.

எங்கள் கருத்து: முதல் மாதம் இரண்டாவது வழியில் போய்க் கை பழகுங்கள், பிறகு மூன்றாவதுக்கு வாருங்கள். நேரே மூன்றாவதில் இறங்கினால் விலை சொல்லத் தெரியாமல் நட்டப்படுவீர்கள்.

கம்பனியில் சேரும்போது “பதிவுக் கட்டணம்”, “சீருடைக்கு வைப்புப் பணம்” என்று முன்கூட்டிக் காசு கேட்டால் அங்கிருந்து வந்துவிடுங்கள். தேசிய அடையாள அட்டையின் மூலத்தையும் ஒருபோதும் கொடுத்துவைக்கவேண்டாம். பிரதி போதும். அந்தப் பிரதியின் குறுக்கே எந்த வேலைக்காகக் கொடுத்தீர்கள் என்பதையும் திகதியையும் பேனையால் எழுதிவிடுங்கள்.

3. கடதாசிகள்

கம்பனிக்கு வேண்டியவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கிராம சேவகரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரம், வங்கிச் சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கம். 18 ஆகாதவர் பெற்றோரின் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றும் வைத்திருப்பது நல்லது.

கிராம சேவகர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். வாசலில் ஒட்டியிருக்கும் நாட்களைப் பார்த்துப் போங்கள். பத்திரத்தில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டுமா என்று கம்பனியிடம் முதலே கேளுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்பு பிரதேச செயலகம். இதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஒதுக்குங்கள். பரீட்சை முடிந்த கையோடு எடுத்து வைத்தால் வேலை வரும்போது அலையவேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்வது பெயரில். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், அடையாள அட்டையில் முதலெழுத்தாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்துக்கூட்டல். கம்பனிப் படிவத்தை அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் சம்பளத்தில் வெட்டிச் சேரும் சேமலாப நிதிக் காசை எடுக்கப்போகும் நாளில் சத்தியக் கடதாசியோடு அலையவேண்டி வரும்.

4. சம்பளக் கணக்கு

தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய். இதற்குக் கீழே பேசினால் ஒத்துக்கொள்ளவேண்டாம். இது அடித்தளம் மட்டும்தான். வெயிலில் குனிந்து செய்யும் வேலைக்கு இதைவிடக் கூடக் கேட்பது நியாயம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படும், முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தன் பையிலிருந்து 3 வீதம் போடவேண்டும். 30,000 ரூபாய்ச் சம்பளத்தில் உங்களிடமிருந்து 2,400 வெட்டப்பட்டு 27,600 கைக்கு வரும். முதலாளி 3,600உம் 900உம் கட்டவேண்டும். “நீங்கள் தற்காலிகம், உங்களுக்கு இது கிடையாது” என்று சொன்னால் அது பிழை. தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்து உரித்து உண்டு. சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டிவிட்டு நிதிக்குக் கட்டாமல் விடுவது இன்னொரு ஏமாற்று. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கிவையுங்கள். முறைப்பாடு செய்ய நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

நாட்கூலியென்றால் ஒரு கொப்பியில் திகதி, வீடு, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வாங்கிய காசு என்று அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து கணக்குப் பார்த்தால் இரண்டு நாள் காணாமல் போய்விடும்.

5. எந்த மாதத்தில் எந்த வேலை

ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொழும்பில் மழை குறைவு. புல் மெதுவாக வளரும். அதனால் வெட்டும் வேலை குறைந்து, தண்ணீர் விடுவது, சட்டி மாற்றுவது, கிளை கழிப்பது கூடும். ஏப்ரலில் பின்னேர இடிமழை. மே தொடக்கம் தென்மேற்குப் பருவமழை. புல் வெறிகொண்டு வளரும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டவேண்டி வரும். ஓகஸ்ட் விடுமுறையில் வருபவர்களுக்கு இதுதான் வேலை. ஒக்டோபர், நவம்பரில் கனமழையும் மின்னலும். புதிதாகப் புல் பதிக்க மழை தொடங்கும் நேரம் சிறந்தது. பெப்ரவரியில் பதிக்கச் சொன்னால், தண்ணீர் விட ஆள் உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேட்ட பிறகே ஒத்துக்கொள்ளுங்கள்.

6. இடத்தைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

போனில் “சின்னத் தோட்டம்தான்” என்பார்கள். போய்ப் பார்த்தால் ஆறு மாதம் வெட்டாத புல் முழங்காலுக்கு மேல் நிற்கும். நேரில் போங்கள். கையில் அளவுநாடா, கொப்பி, போன்.

முதலில் நீள அகலத்தை அளந்து சதுர அடி எடுங்கள். அடுத்தது குப்பைக் கணக்கு. 10 அடிக்கு 10 அடி ஒரு துண்டை எடுத்து, அதில் வெட்டினால் எத்தனை உரபாக் நிரம்பும் என்று பாருங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் அந்தத் துண்டை அங்கேயே வெட்டிக் கட்டிப் பார்க்கலாம். ஒரு துண்டுக்கு இரண்டு பாக் என்றால், 1,200 சதுர அடித் தோட்டத்துக்கு 24 பாக். மழை பெய்து நனைந்த புல் என்றால் பாக்கைத் தூக்கவே முடியாது. பாதி நிரப்பித்தான் கட்டவேண்டும். அப்போது பாக்கின் எண்ணிக்கை இரட்டிக்கும், தூக்கி நடக்கும் தரமும் இரட்டிக்கும். பின்வளவிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி, இடையில் படி இருக்கிறதா, வீட்டுக்குள்ளால் கொண்டுபோக வேண்டுமா என்று நடந்தே பாருங்கள். பின்கதவு இல்லாத வீடுகள் கொழும்பில் நிறைய. அப்படிப்பட்ட இடத்தில் குப்பை விறாந்தையைத் தாண்டித்தான் வரும், பிறகு விறாந்தையைக் கழுவும் வேலையும் உங்களுக்குத்தான்.

அடுத்த கேள்வி: வாசலுக்கு வந்த குப்பை எங்கே போகும்? மாநகர சபை வண்டி வரும் நாளில் எவ்வளவு எடுக்கும் என்று அந்த வீதியிலேயே விசாரியுங்கள். 20, 30 பாக் ஒரேயடியாக எடுக்கமாட்டார்கள். லொறியோ த்ரீவீலோ பிடிப்பதென்றால் அந்தக் காசு யாருடையது என்று முதலே தீரவேண்டும். வெறும் காணியில் கொட்டுவதும் எரிப்பதும் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டார் பொலிசுக்குச் சொன்னால், மாட்டுவது கொட்டிய உங்கள் கைதான். வளவு பெரிதென்றால் மூலையில் 3 அடிக்கு 3 அடி கூட்டெருக் குவியல் போடலாமா என்று கேளுங்கள். காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்குக்குப் பச்சைப் புல் ஒரு பங்கு என்று அடுக்கினால் நாற்றம் வராது. பச்சைப் புல்லை மட்டும் குவித்தால் மூன்றாம் நாளே சூடேறி நாறும்.

எல்லாம் பேசி முடிந்ததும் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும். இப்படி எழுதலாம்:

“அன்ரி, சனிக்கிழமை காலை 7 மணிக்கு வருவோம், 3 பேர். முன்பக்கப் புல் வெட்டுவது, இடப்பக்க எக்ஸோரா வேலியை 4 அடி உயரத்துக்கு வெட்டுவது, 18 பூச்சட்டி களை எடுப்பது. மரக்கிளை வெட்டுவது இதில் இல்லை. குப்பையை உரபாக்கில் கட்டி வாசலில் வைப்போம். ஏற்றி அனுப்புவது உங்கள் பொறுப்பு. தண்ணீரும் பிளக்கும் உங்கள் வீட்டில். இவ்வளவு ரூபாய், வேலை முடிந்ததும் தரவேண்டும். சரியென்றால் ஓம் என்று அனுப்புங்கள்.”

“ஓம்” வந்த பிறகு போங்கள். வெட்டுமுன் நான்கு மூலையிலும் படம் எடுங்கள். ஏற்கெனவே உடைந்த சட்டி, வெடித்த ஓடு, கீறிய கார் எல்லாம் படத்தில் விழட்டும்.

கூலியைப் போடும் முறை எளிது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வெட்ட, எத்தனை மணி நேரம் அள்ள என்று தனித்தனியே எழுதுங்கள். நாட்கூலி, பஸ் காசு, பெற்றோல், உரபாக் விலை, லொறி இருந்தால் லொறி எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டின தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கருவித் தேய்மானத்துக்காக அதோடு சேருங்கள்.

தொடர்மாடியென்றால் இன்னொன்று: நிர்வாகக் குழுவின் அனுமதி, காவலாளியிடம் பெயர்ப் பதிவு, லிப்டில் மண் கொண்டுபோக விடுவார்களா என்பது. ஏழாம் மாடிக்கு மண் மூட்டையைப் படியால் ஏற்றுவதற்குத் தனிக் கூலி வேண்டும்.

7. கருவிகள்

தொடக்கத்தில் வாங்கவேண்டியவை: மண்வெட்டி, செக்கட்டர் (கிளை வெட்டும் கைக்கத்தரி), வேலி வெட்டும் பெரிய கத்தரி, இரும்புப் பல் வைத்த வாரி, ஈர்க்கு விளக்குமாறு, தோல் கையுறை, கம்பூட்ஸ், உரபாக் ஐம்பது. புறக்கோட்டைப் பக்கம் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். செக்கட்டரில் மட்டும் மலிவு பார்க்கவேண்டாம். அலகு ஆடும் செக்கட்டர் கிளையை வெட்டாமல் நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும்.

மெஷின் வாங்கவேண்டாம். முதல் இரண்டு மாதம் வாடகைக்கு எடுங்கள், அல்லது மெஷின் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. புல் வெட்டுதல், 18 தாண்டியவர்களுக்கு

இரண்டு ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெற்றோலோடு எண்ணெய் கலக்கவேண்டும். டாங்கியில் 25க்கு 1 என்றிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர். 50க்கு 1 என்றால் 20. எண்ணெய் விடாமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும், அந்தத் திருத்தச் செலவு உங்கள் ஒரு மாத உழைப்பை விழுங்கும். கூடவிட்டால் புகைந்து மெஷினின் ஸ்பார்க் பிளக் அடைக்கும். நான்கு ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெற்றோலில் எண்ணெய் கலக்கவே கூடாது. வாடகைக்கு எடுக்கும்போது எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் புல்லுக்குள் நடந்து கல், கம்பி, போத்தல் ஓடு, ஹோஸ் எல்லாம் பொறுக்குங்கள். மெஷினில் சுழன்று புல்லை வெட்டும் நைலோன் நூல் கிளப்பும் சின்னக் கல் கார்க் கண்ணாடியை உடைக்கும், கண்ணையும் எடுக்கும். காரை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். 15 மீற்றருக்குள் ஆளோ நாயோ வரக்கூடாது. கண்ணாடி, காதடைப்பு, நீளக் காற்சட்டை இல்லாமல் மெஷினைத் தொடாதீர்கள்.

மரத்தடிக்கு நூலைக் கொண்டுபோகவேண்டாம். இளமரத்தின் பட்டையைச் சுற்றிவர நூல் சீவிவிட்டால் இலையில் செய்த சாப்பாடு வேருக்கு இறங்காது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்து மரம் காயும். அடியைச் சுற்றி ஒரு சாண் இடத்தைக் கையால் பிடுங்குங்கள்.

ஒரே தரத்தில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டையாக வெட்டினால் வெயிலில் கருகி, அந்த இடத்தைக் களை பிடிக்கும்.

9. புதிதாகப் புல் பதித்தல்

கொழும்பு வீடுகளில் அதிகம் கேட்பது மலேசியன் புல். ஓரளவு நிழலும் தாங்கும். சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஓரங்களில் வெட்டுப்படுவதால் அளந்ததைவிடப் பத்து வீதம் கூட வாங்குங்கள்.

பழைய களையை வேரோடு எடுத்துக் கொத்தி, கல் பொறுக்கி, 2 அங்குலம் மேல்மண் பரப்பவேண்டும். 600 சதுர அடிக்கு 2 அங்குலம் என்றால் 100 கன அடி, அதாவது சரியாக ஒரு கியூப். இந்தக் கணக்கைத் தெரியாமல் மண் எடுத்தால் பாதியில் முடியும், இரண்டாம் லொறிக் கூலி உங்கள் தலையில். தண்ணீர் வீட்டுக்குள் போகாமல் கானை நோக்கிச் சரிவு வைத்துச் சமப்படுத்துங்கள்.

புல் வந்த அன்றைக்கே பதிக்கவேண்டும். அடுக்கிவைத்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகிவிடும். செங்கல் கட்டுவதுபோல் மூட்டுக்கு மூட்டு மாற்றிப் பதித்து, பலகையால் தட்டி, இடைவெளிக்கு மண் தூவுங்கள். முதல் வாரம் காலையும் பின்னேரமும் தண்ணீர். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, இழுத்தால் வராத அளவுக்கு வேர் பிடித்தபின் வெட்டலாம்; ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும்.

10. வேலியும் மரமும்

வேலிக்கு இரு முனையிலும் தடி நட்டு நூல் கட்டி வெட்டுங்கள். அடி அகலமாக, மேல் சற்று ஒடுக்கமாக இருக்கவேண்டும். மேல் அகலமானால் அடிக்கு வெயில் விழாமல் கீழே இலை உதிர்ந்து ஓட்டை தெரியும். எக்ஸோரா நுனியில்தான் பூக்கும், மொட்டு வைத்திருக்கும்போது வெட்டினால் பூவெல்லாம் குப்பைக்குப் போகும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று அடிக்கும். செடி மாற்றச் சொன்னால் அலரி, போகன்வில்லா, நித்தியகல்யாணி போன்றவற்றைச் சொல்லுங்கள்.

பலா மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும். வீதியோர மரம் மாநகர சபையுடையது, வீட்டுக்காரர் சொன்னாலும் தொடாதீர்கள். மின்கம்பிக்குப் பக்கத்துக் கிளையும் அப்படித்தான்.

பெரும்பாலான வீடுகளில் கதைப்பது சிங்களத்தில். இரண்டு சொல்லை மாறி விளங்கினால் பெரிய நட்டம்: “கப்பன்ன” என்றால் வெட்டுங்கள், “கலவன்ன” என்றால் பிடுங்குங்கள். சந்தேகம் வந்தால் செடியைத் தொட்டுக் காட்டி, எதுவரை என்று கையால் கேளுங்கள். ஐந்து வருடச் செவ்வரத்தையை வேரோடு எடுத்தபின் மன்னிப்புக் கேட்டுப் பிரயோசனமில்லை.

11. நுளம்பு

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கு வீட்டுக்காரர் மேல், ஆனால் தோட்டம் பார்ப்பவரைத்தான் திட்டுவார்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை சட்டித் தட்டு, சிரட்டை, வெட்டிய மூங்கில் கணு, ஓரத்தில் கிடக்கும் டயர் எல்லாம் கவிழ்க்கவேண்டும். அன்னாசி போல் இலை விரிந்த அலங்காரச் செடிகளின் நடுக்குழியில் தண்ணீர் நிற்கும். ஹோஸால் அடித்துக் கழுவுங்கள். தட்டைக் கவிழ்த்தால் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவவேண்டும்.

12. உடம்பு

வெள்ளெனவே 7 மணிக்குத் தொடங்கி பத்தரைக்கு நிறுத்துங்கள், மிச்சத்தைப் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு செய்யுங்கள். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) இரண்டு பக்கற் பையில் இருக்கட்டும். இடி கேட்டால் திறந்த வெளியில் நிற்காதீர்கள்.

வேலிக்குள் கை விடுமுன் நீளத் தடியால் தட்டிப் பாருங்கள். குளவிக் கூடு இருந்தால் அந்தப் பக்கத்தை விடுங்கள். சருகுக் குவியலை வெறுங்கையால் அள்ளாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டவும் கீறவும் கூடாது. கடித்த கை காலை அசைக்காமல் வைத்து 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கானில் நிற்கும் தண்ணீரில் காயத்தோடு கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரலாம். சில நாளில் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், தோட்ட வேலை செய்கிறேன் என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று தொடங்குமுன் வீட்டில் கேட்டு வையுங்கள்.

13. வேலையை விடும்போது

பெறுபேறு வந்து கம்பஸுக்கோ வேறு படிப்புக்கோ போகும்போது சும்மா நின்றுவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு முன் எழுத்தில் சொல்லுங்கள். கடைசி மாதச் சம்பளம் எந்தத் திகதியில் வரும் என்று கேளுங்கள், சேவைக் கடிதம் வாங்குங்கள். அதில் தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கவேண்டும். சொந்தமாக வீடுகளை எடுத்துச் செய்தவர்கள், அடுத்து வரும் பிள்ளையை அந்த வீடுகளுக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு போய், எந்த மூலையில் தண்ணீர்ப் பைப், எந்த வேலிக்குள் குளவி, எந்தக் கிழமை குப்பை வண்டி என்று காட்டிவிடுங்கள்.